செத்த வீட்டில் இரவு விழித்திருப்பது எப்படி: கொழும்பில் இருப்போருக்கு ஒரு முழு வழிகாட்டி

பெரியம்மாவின் பூதவுடலை வைத்திருந்த மலர்ச்சாலைக்குள் இரவு 10 மணிக்குக் காவலாளி ஒருவர் திறப்புக் கோர்வையோடு வந்தார். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார். குளிரூட்டியை நிறுத்தினார். பிறகு மிகுந்த மரியாதையோடு, “நாளைக் காலை எட்டு மணிக்கு வாருங்கள்” என்றார். நாங்கள் எட்டுப் பேர் இருந்தோம். எவருக்கும் எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. வாகனத் தரிப்பிடத்தில் வந்து நின்று அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். இருட்டில் படுப்பதற்கு 81 வயதிலும் பயந்தவர் எங்கள் பெரியம்மா. அவருடைய அறையில் ஒரு சிறிய மின்குமிழ் விடியும்வரை எரிய வேண்டும்.

குற்றம் காவலாளியுடையது அல்ல. இரவில் இருக்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான்கு மாதம் கழித்துப் பெரியப்பாவும் போனார். அவரை வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி வீட்டிலேயே வைத்து, ஓர் இரவு முழுவதும் முறை வைத்து விழித்திருந்தோம். அப்போது கற்றதையும், கொட்டாஞ்சேனையில் சிறுவனாக இருந்தபோது கண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நாளைக்கே உங்களுக்குத் தேவைப்படலாம் என்பதால் ஒளிவுமறைவு இல்லாமல் எழுதுகிறேன்.

எதற்காக விழித்திருந்தார்கள்

சமயக் காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆவி வீட்டைச் சுற்றும், தனியே விட்டால் தவிக்கும், தீய சக்தி அண்டும் என்பார்கள். முன்னோருக்கு அவசரமாக இருந்த காரணங்களோ மிகச் சாதாரணமானவை. எறும்பு வரும், எலி வரும். பூனை பிரேதத்தைத் தாண்டக்கூடாது என்று அம்மம்மா ஓர் ஈர்க்குக்கட்டையோடு வாசலில் உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. கட்டில் கால்கள் நான்கையும் தண்ணீர் ஊற்றிய பால்மா டின்களில் இறக்கி வைத்திருந்தார்கள். எறும்புக்கு அதைவிட நல்ல வைத்தியம் இன்றைக்கும் கிடையாது. வைத்தியர் வந்து பார்க்க வாய்ப்பில்லாத காலத்தில், இறந்தவர் இறந்துதான் விட்டாரா என்று உறுதியாவதற்கும் ஓர் இரவு வேண்டியிருந்தது.

பின்னர் ஊரடங்கும் ஒரு காரணமானது. 1989இல் கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் ஒரு செத்த வீடு. மாலையில் துக்கம் கேட்க வந்தவர்கள் ஊரடங்கு விழுந்ததும் திரும்பிப் போக வழியில்லாமல் விடியும்வரை இருந்தார்கள். அந்த ஆண்டு எங்கள் ஒழுங்கையில் பூதவுடல்களுக்குத் துணைப் பஞ்சம் இருக்கவில்லை.

இன்று வழக்கம் ஏன் தேய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதற்காரணமாக எல்லோரும் மலர்ச்சாலையையும் தொடர்மாடியையும் காட்டுவார்கள். எனக்குப் பெரிய காரணமாகப் படுவது எம்பாம், அதாவது உடல் கெடாமல் மருந்தேற்றுவது. உடல் கெடாது என்றானதும், கனடாவிலிருந்து மகன் வரட்டும், ஆஸ்திரேலியாவிலிருந்து மகள் வரட்டும் என்று மூன்று நான்கு நாட்கள் காத்திருக்கிறோம். ஓர் இரவு விழித்திருக்கலாம், நான்கு இரவு யாரால் முடியும்? அதனால் ஓர் இரவும் இல்லாமல் போயிற்று. கொரோனாக் காலம் எஞ்சியிருந்ததையும் துடைத்தது. 2020 ஏப்ரலில், கொரோனாவால் இறந்தவர்களுக்குத் தகனம் கட்டாயமானது. அடக்கம் செய்தே பழகிய முஸ்லிம் மக்களும் ஓராண்டு அளவுக்கு அந்தக் கொடுமையை அனுபவித்தார்கள். 2021 மார்ச்சில்தான் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கத்துக்கு வழி பிறந்தது. அந்த மாதங்களில் முகத்தைக்கூடப் பார்க்காமல் அனுப்பிய குடும்பங்கள் பல. அப்போது பழகிய அவசரம் இன்னும் போகவில்லை.

கட்டாய விதி என்று நான் சொல்வது ஒன்றே. பூதவுடலின் அருகில் ஒருவர் கண்விழித்து இருக்க வேண்டும், ஒரு விளக்கு எரிய வேண்டும். மற்றவற்றை உங்கள் வசதிப்படி கூட்டலாம், குறைக்கலாம்.

முதற் படி: முதல் மூன்று மணி நேரம்

வீட்டில் எதிர்பாராமல் இறந்திருந்தால், விழுந்து கிடந்தால், காரணம் தெரியாவிட்டால் எதையும் தொட வேண்டாம். குளிப்பாட்டவும் வேண்டாம். பொலிசுக்கும் திடீர் மரண விசாரணை அதிகாரிக்கும் அறிவிக்க வேண்டும். பிரேத பரிசோதனை தேவையா என்பதை அவர்கள் தீர்மானிப்பார்கள். அந்த நேரத்தில் சண்டை பிடிப்பதால் இரவுதான் வீணாகும்.

நோயில் கிடந்து வைத்தியரின் பராமரிப்பில் இறந்தவர் என்றால் மரணத்துக்கான காரணத்தை வைத்தியரிடம் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். கிராம உத்தியோகத்தருக்கும் தகவல் கொடுங்கள். மரணப் பதிவை ஒருவர் கையில் ஒப்படையுங்கள். அந்த ஆள் அழுகிறவர்களில் ஒருவராக இருக்கக்கூடாது. மருமகனோ பக்கத்து வீட்டு அண்ணனோ பொருத்தம். பதிவுக் காகிதம் இல்லாமல் மயானத்தில் நேரம் ஒதுக்க மாட்டார்கள், மயான நேரம் தெரியாமல் உங்கள் இரவைத் திட்டமிட முடியாது.

இதற்கிடையில் உடலுக்குச் செய்ய வேண்டியவை உண்டு. இறந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் தாடையிலும் கழுத்திலும் விறைப்புத் தொடங்கும். கொழும்புச் சூட்டில் இன்னும் விரைவாகவே தொடங்கலாம். அதற்கு முன் கண்ணை மூடி, நாடியைத் துணியால் தலையோடு சேர்த்துக் கட்டி, கைகளை நேராக்கி, கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். கட்டுவதற்குப் பழைய வேட்டியின் கரையைக் கிழித்து எடுப்பார்கள். பெரியப்பாவுக்கு அதைச் செய்தவர் எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மா. நாங்கள் எல்லோரும் தொலைபேசியில் இருந்தோம், அவர் ஒருவர்தான் பெரியப்பாவோடு இருந்தார். விழிப்பு அங்கேயே தொடங்கிவிட்டது என்று பிற்பாடு நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் படி: வீடா, மலர்ச்சாலையா

வீடென்றால் முதலில் படிக்கட்டை அளந்து பாருங்கள். பெட்டியின் நீளம் ஆறடிக்கு மேல். தொடர்மாடிகளின் சாதாரண லிஃப்டில் அது கிடைமட்டமாகப் போகாது. சாமான் ஏற்றும் பெரிய லிஃப்ட் இருந்தால் நல்லது. எங்களுக்கு அது இல்லை. வெறும் பெட்டியை நான்கு பையன்கள் படிக்கட்டு வழியே தூக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் கைபிடிக் கம்பிக்கு மேலாக நிமிர்த்தித் திருப்ப வேண்டியிருந்தது. பெரியப்பாவைத் தூக்குப் படுக்கையில் பட்டியால் கட்டி, தனியாகக் கொண்டுவந்து மேலே பெட்டியில் வைத்தோம். இறக்கும்போதும் அதே முறைதான். இந்த ஒத்திகையை முன்பே மனத்தில் ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் சனம் கூடி நிற்கும்போது பெட்டி திருப்பத்தில் சிக்கினால் அந்தக் காட்சியை ஒருவரும் மறக்க மாட்டார்கள்.

தொடர்மாடியின் முகாமைத்துவக் குழுவிடம் கேட்பது மரியாதை, தேவையும்கூட. சிலர் மறுப்பார்கள். அப்போது கீழ்த்தளத்து மண்டபத்தைக் கேளுங்கள், வாகனம் நிறுத்தும் இடத்தில் ஒரு மூலையைக் கேளுங்கள். ஒரு வெள்ளைத் துணி மறைப்பும் 20 கதிரையும் போதும். கொட்டாஞ்சேனை, புளூமெண்டால் பக்கத்தில் தோட்டங்கள் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளில் ஒற்றை அறை வீட்டில் பெட்டியை வைத்தால் ஆள் நிற்க இடமிருக்காது. அங்கே பொது முற்றம்தான் மண்டபம், எல்லா வீட்டுக் கதவுகளும் திறந்திருக்கும். விழித்திருக்கும் வழக்கம் கொழும்பில் சிதையாமல் மிஞ்சியிருப்பது அந்தத் தோட்டங்களிலேதான். மாடமாளிகைக்காரர் அங்கே போய்க் கற்கலாம்.

மலர்ச்சாலை என்றால் முன்பணம் கொடுப்பதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இரவில் எத்தனை மணிக்குக் கதவை மூடுவீர்கள்? இரண்டு பேராவது உள்ளே இருக்கலாமா? அதற்குத் தனிக் கட்டணம் உண்டா? குத்துவிளக்கோ மெழுகுதிரியோ எரிய விடலாமா? பெரும்பாலானவர்கள் பேசிப் பார்த்தால் இணங்குவார்கள். அனுமதி கிடைத்தால் அதை எழுத்தில் வாங்குங்கள், அல்லது இரவில் பொறுப்பாக இருக்கும் ஆளின் பெயரையாவது கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பகலில் தலையாட்டியவர் இரவில் அங்கே இருக்க மாட்டார்.

பொரளையில் பெயர்பெற்ற மலர்ச்சாலைகள் கனத்தை மயானத்துக்கு அருகிலேயே இருப்பது பெரிய வசதி. ஆயினும் எங்கள் வீட்டு முதியவர்கள் இருட்டிய பின் அந்தப் பக்கம் நிற்பதற்குத் தயங்குவார்கள். 1983 ஜூலை 24ஆம் திகதி மாலை, 13 இராணுவத்தினரின் உடல்களை அடக்கம் செய்யக் கனத்தையில் கூடிய கூட்டத்திலிருந்துதான் தமிழருக்கு எதிரான அந்தக் கலவரம் கிளம்பியது. உங்கள் வீட்டிலும் ஒரு முதியவர் காரணம் சொல்லாமல் அங்கே இரவு தங்க மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். அவரைப் பகலில் உட்கார வையுங்கள்.

மூன்றாம் படி: எந்த இரவு

வெளிநாட்டுப் பிள்ளைக்காக மூன்று நாள் வைத்திருக்க நேர்ந்தால், எல்லா இரவும் விழித்திருக்க முயல வேண்டாம். கடைசி இரவைத் தேர்ந்தெடுங்கள். விமானம் வந்து சேர்ந்திருக்கும், மகனும் இருப்பார், மறுநாள் கிரியை. மற்ற இரவுகளில் உடல் மலர்ச்சாலையிலேயே இருக்கட்டும், கடைசி மாலையில் வீட்டுக்குக் கொண்டுவரலாம். எம்பாம் செய்யாமல் வைத்திருப்பது ஓர் இரவுக்குமேல் கொழும்பில் சரிவராது. ஈரமும் சூடும் சேர்ந்து 24 மணி நேரத்துக்குள் தம் வேலையைக் காட்டிவிடும். எம்பாம் என்பது இரத்தக்குழாய் வழியே போமலின் கலந்த திரவத்தைச் செலுத்துவது. அந்த நெடி அறையில் தங்கிக் கண்ணைக் கரிக்கும் என்பதால் இரவில் ஒரு ஜன்னலாவது திறந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை எடுக்க நேர்ந்தால் சித்தி ஒருவர் நிச்சயமாக ‘சனிப் பிணம் தனிப் போகாது’ என்பார். தேங்காயோ கோழிக்குஞ்சோ துணைக்கு அனுப்பும் பழக்கம் அதனால் வந்தது. தேங்காயோடு முடித்துக்கொள்ளுங்கள். வாதம் செய்ய அது நேரமல்ல.

முஸ்லிம் வீடுகளில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. மையித்தைத் தாமதிக்காமல் அடக்குவதே வழக்கம். இரவில் மரணம் நேர்ந்தால் விடியும்வரை அருகிலிருந்து யாசீன் ஓதுவார்கள், பகலில் ஜாவத்தைக்கோ மாளிகாவத்தைக்கோ எடுத்துச் செல்வார்கள். நாங்கள் மூன்று நாளில் சிரமப்பட்டுச் செய்வதை அவர்கள் சில மணி நேரத்தில் செய்து முடிப்பதைப் பார்க்க எனக்கு அடிக்கடி பொறாமை வரும்.

நான்காம் படி: முறைப் பட்டியல்

இதில்தான் எல்லோரும் தவறு விடுகிறார்கள். ‘எல்லோரும் இருப்போம்’ என்றால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். இரவு 12 மணிவரை வீடு நிரம்பி வழியும், 1 மணிக்கு ஆண்கள் கதிரையில் சாய்ந்து குறட்டை விடுவார்கள், 2 மணிக்கு விளக்கு அணைந்திருக்கும்.

இரவு 9 முதல் காலை 5 வரை எட்டு மணி நேரம். இரண்டு மணி நேரம் ஒரு முறை, ஒரு முறைக்கு இருவர். ஆக எட்டுப் பேர். இந்த எட்டுப் பேரைப் பிடித்துவிட்டால் மற்றவர்கள் வந்தாலும் போனாலும் கவலையில்லை. இருவரைச் சேர்க்கும்போது ஒருவர் நெருங்கிய உறவாகவும் மற்றவர் சற்றுத் தூரத்தவராகவும் இருக்கட்டும். இரண்டு மகள்களை ஒன்றாக உட்கார வைத்தால் இருவரும் அழுதே களைத்துவிடுவார்கள். மகளோடு அலுவலகத் தோழியை உட்கார வையுங்கள். தோழி கேட்பார், மகள் கதை சொல்வார், இரண்டு மணி நேரம் தெரியாமல் போகும்.

கணவனையோ மனைவியையோ இழந்தவரின் பெயரைப் பட்டியலில் போடக்கூடாது. அவருக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது வந்து உட்காரட்டும், தோன்றாவிட்டால் படுக்கட்டும். ‘நீங்களே தூங்கிவிட்டீர்களே’ என்று மறுநாள் ஒரு வாய் சொல்லிவிடக்கூடாது.

முதியவர்களுக்கு 9 முதல் 11 வரையும், விடியற்காலை 3 முதல் 5 வரையும் பொருந்தும். அவர்கள் எப்படியும் 4 மணிக்கு எழுந்துவிடுகிறவர்கள். இளைஞர்களுக்கு 11 முதல் 3 வரை. பட்டியலைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டோம் என்று இருந்தால், பட்டியல் அனுதாபச் செய்திகளுக்கு அடியில் புதைந்துவிடும்.

வெளிநாட்டு உறவினரைப் பட்டியலில் சேர்க்கலாம் என்று எங்கள் வீட்டு இளையவள் ஒருத்தி சொன்னாள். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தபோது அவள் சொன்னது சரி. கொழும்பில் அதிகாலை 2 மணி என்றால் டொரொன்டோவில் கோடை காலத்தில் முதல்நாள் மாலை 4.30, குளிர்காலத்தில் 3.30. லண்டனில் இரவு 9.30 அல்லது 8.30. நமக்குக் கண் சொருகும் நேரம் அவர்களுக்கு நல்ல விழிப்பான நேரம். பெரியப்பாவின் பெறாமகன் டொரொன்டோவின் ஸ்காபரோவிலிருந்து 1 மணி முதல் 3 மணிவரை காணொளியில் இருந்தார். கைத்தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்திருந்தோம். அவர் பேசவில்லை. அங்கே அவருடைய வீட்டில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு தடவை மட்டும், “அண்ணா, விளக்குத் திரி சரிந்திருக்கிறது” என்றார். எங்கள் இருவருக்கும் கண் மூடியிருந்த வேளை அது. ஒருவராவது நேரில் விழித்திருக்க வேண்டும் என்ற விதியை இது மாற்றாது. தொலைபேசியால் திரியைத் தூண்ட முடியாது.

ஐந்தாம் படி: அறையை ஒழுங்குசெய்தல்

இந்து வீடுகளில் தெற்கே தலை, தலைமாட்டில் குத்துவிளக்கு. கத்தோலிக்க வீடுகளில் தலைமாட்டில் சிலுவையும் மெழுகுதிரியும். இது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாததை மட்டும் எழுதுகிறேன்.

பெட்டியின் உள்விரிப்பு பெரும்பாலும் செயற்கைப் பட்டு. மின்விசிறிக் காற்றில் அதன் ஓரம் பறந்து சுடரில் பட்டால் நொடியில் பற்றும். விளக்கைக் கை நீட்டினால் எட்டாத தூரத்தில் வையுங்கள், விசிறியை வந்தவர்கள் பக்கம் திருப்புங்கள், மலர்வளையங்களின் பொலித்தீன் உறையைக் கழற்றுங்கள். தேங்காய் எண்ணெய் ஒரு முழுப் போத்தல், திரி ஒரு கட்டு, தீப்பெட்டி இரண்டு, திரி தூண்ட ஓர் ஈர்க்கு ஆகியவற்றை ஒரு தட்டில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். முறை மாறும்போதெல்லாம் எண்ணெய் ஊற்றுவது வந்து உட்காருகிறவரின் முதல் வேலை. நேரம் சொல்லாமலே முறை மாறியது எல்லோருக்கும் விளங்கும்.

நுளம்புச் சுருளைக் கதிரைகளுக்கு அடியில் வையுங்கள், பெட்டிக்கு அடியில் வேண்டாம். பெட்டியின் தாங்கிக் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம். அம்மம்மாவின் டின் வைத்தியம் எம்பாம் செய்த உடலுக்கும் வேண்டியதே, ஏனென்றால் எறும்பு பூமாலையின் தேனுக்கும் வரும்.

உட்காருபவரின் கதிரை முகத்தைப் பார்க்கும் வாக்கில் இருக்கட்டும். முதுகில்லாத வாங்கு வேண்டாம். மிக வசதியான சாய்மனைக் கதிரையும் வேண்டாம், அதில் 20 நிமிடத்துக்கு மேல் விழித்திருந்த மனிதரை நான் பார்த்ததில்லை.

ஆறாம் படி: தேத்தண்ணீர்

பூதவுடல் இருக்கும்வரை அந்த வீட்டு அடுப்பில் சோறு பொங்குவதில்லை. அயல்தான் சாப்பாடு தரும். பாணும் பருப்பும் சம்பலும் வரும். இரவுக்கு அதுவே போதும். தேத்தண்ணீர் விஷயம் வேறு. அதை அயலவர் குசினியில் வைத்து எடுத்துவருவார்கள், அல்லது மரணாதார சங்கத்துக்காரர் பெரிய கேத்தலோடு வந்துவிடுவார்கள். உங்கள் பகுதியில் அப்படிப்பட்ட சங்கம் இருந்தால் கதிரை, கொட்டகை, மின்விளக்கு எல்லாம் அவர்களிடமே கிடைக்கும். மாதச் சந்தாவைக் கட்டாமல் விட்டவர்கள் அன்று வருந்துவார்கள்.

20 பேர், இரவில் நான்கு தடவை என்றால் 80 கோப்பை. அதற்கு 200 கிராம் தேயிலை, ஒரு கிலோ சீனி, கால் கிலோ இஞ்சி வாங்கினால் மிச்சமிருக்கும். பால் வேண்டாம், புளித்துவிடும். தட்டிப் போட்ட இஞ்சியோடு பிளேன்டீ. 1 மணிக்குப் பிறகு இஞ்சியை இரட்டிப்பாக்குங்கள். சாராயப் போத்தலைப் பின்வாசலில் வைப்பது சில இடங்களில் வழக்கம். அதை நிறுத்தச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. முறைப் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும் அது இல்லை என்று ஒரு கண்டிப்பான பெரியம்மாவைக் கொண்டு சொல்ல வையுங்கள்.

ஏழாம் படி: இரவை எதைக் கொண்டு நிரப்புவது

இரவு 10க்குப் பிறகு ஒலிபெருக்கி கூடாது. வானொலிப் பெட்டியில் பதிவு செய்த பாடலை ஓட விட்டுவிட்டுத் தூங்குவதைவிட, பிழையோடு ஒருவர் வாயால் பாடுவது மேல். சிவபுராணம் 95 அடிகள்தான். நிதானமாகப் பாடினால் 10 நிமிடத்துக்குள் முடியும், ஒவ்வொரு முறை மாற்றத்திலும் பாடலாம். திருவாசகத்தைத் தொடக்கத்திலிருந்து வாசித்துக்கொண்டே போனால் இரவுக்குக் காணும். அதிலுள்ள திருப்பொற்சுண்ணத்தின் 20 பாட்டையும் மட்டும் விட்டுவையுங்கள். அவை மறுநாள் கிரியையில் சுண்ணம் இடிக்கும்போது ஓதுவதற்கு. கத்தோலிக்க வீடுகளில் மணிக்கு ஒரு ஜெபமாலை என்பது நல்ல கணக்கு. கொச்சிக்கடைப் பக்கத்துச் செத்த வீடுகளில் தெருவில் போகிறவர்கள்கூட வாசலில் நின்று ஜெபமாலையின் இரண்டு மணிகளை உருட்டிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒப்பாரி சொல்லத் தெரிந்த பெண்கள் இப்போது அருகிவிட்டார்கள். உங்கள் வீட்டில் ஒருவர் இருந்தால் அவரை மெல்லக் கேளுங்கள், கூச்சப்படுத்த வேண்டாம். எங்கள் மாமி ஒருவர், கேட்டபோது மறுத்தார். நள்ளிரவு தாண்டிய பின் தானாகவே பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தொடங்கினார். பெரியப்பா 1970களில் மிதிவண்டியில் பாண் வாங்கி வந்தது முதல், கண் சத்திரசிகிச்சைக்குப் பின் பத்திரிகையை மூக்கோடு ஒட்டி வாசித்தது வரை வந்தது. அடுக்குமொழி பாதி, உரைநடை பாதி. கைத்தொலைபேசியை எடுத்துப் பதியத் தொடங்கிய ஒரு பையனை நான் முறைத்தேன். இப்போது அந்தப் பதிவு இல்லையே என்று எனக்கே கவலை.

அடுத்தது சீட்டு. செத்த வீட்டில் சீட்டாடுவது அவமரியாதை என்று கண்டிப்பவர்கள் பெரும்பாலும் 10 மணிக்கே வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள். 304 என்ற அந்த ஆட்டம் இல்லாவிட்டால் இலங்கையில் பாதிச் செத்த வீடுகள் இரவு ஒரு மணிக்கு மயானமாகிவிடும். நால்வர் வேண்டும், கணக்கு வேண்டும், கேள்வி கேட்டு ஏற்ற வேண்டும். தூங்கினால் பக்கத்து ஆள் திட்டுவான். மேசையை முற்றத்திலோ கீழ்த்தளத்திலோ போடுங்கள், காசு வைக்க விடாதீர்கள். தீக்குச்சி போதும்.

சிறுவர்களை விரட்ட வேண்டாம். இரவு 11 மணிவரை அவர்கள் அருகில் உட்கார்ந்து, தொட விரும்பினால் கையைத் தொடட்டும். கை குளிர்ந்திருக்கும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் தொட வைத்தால் பயந்துவிடுவார்கள்.

எட்டாம் படி: 3 மணிக்குப் பின்

இந்த நேரத்துக்கென்று தனியாகச் செய்ய அதிகம் இல்லை. சீட்டு ஓயும். பாடுகிறவரின் தொண்டை கட்டும். காலி நகருக்குப் போகும் வீதியில் வாகனம் இருக்காது, கடற்கரைப் பாதையில் ரயிலும் இருக்காது, கடல் மட்டும் கேட்கும். இதுவரை அழாதவர்கள் அழும் நேரம் இதுதான். அவர்களைத் தேற்ற முயலாமல் ஒரு கோப்பை தேத்தண்ணீரை அருகில் வைத்துவிட்டு விலகுங்கள்.

எங்கள் பட்டியலில் 3 முதல் 5 வரை ஓர் ஆள் குறைந்தது. சித்தப்பாவுக்கு இரத்த அழுத்தம் ஏறிவிட்டது. இரண்டாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியருக்கு எப்படியோ தெரிந்து, தம் பிரம்புக் கதிரையைத் தாமே தூக்கிக்கொண்டு ஒரு மாடி ஏறி வந்தார். அவருக்கு முதுகு வலி, வேறு கதிரை ஒத்துவராது. மலகெதரையில் (செத்த வீட்டில்) மினியவை (பூதவுடலை) தனியே விடுவது தங்கள் ஊரிலும் இல்லை என்றார். வந்ததும் எண்ணெய் ஊற்றினார். அதை அவருக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பெரியப்பாவோடு 16 ஆண்டுகள் மாலையில் கிரிக்கெட் கதைத்தவர், அன்று இரண்டு மணி நேரம் வாய் திறக்கவில்லை.

கடைசிப் படி: விடிந்த பின்

5 மணிக்கு வாசல் தெளித்து, ஜன்னல்களைத் திறந்து, வாடிய மாலைகளை எடுத்துவிடுங்கள். இரவில் விழித்திருந்த எட்டுப் பேரையும் 9 மணிவரை கட்டாயம் படுக்க வையுங்கள். கிரியை நேரத்தில் அவர்கள்தான் மயங்கி விழுவார்கள். மகன் கொள்ளி வைக்க வேண்டியவர் என்றால் அவரை 3 மணிக்கே அனுப்பிவிட வேண்டும். பந்தம் பிடிக்கும் பேரப்பிள்ளைகளுக்கு ஏதாவது சாப்பிடக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள், வழக்கமாக எல்லோரும் மறப்பது அதைத்தான். உடல் போன பின் வீட்டைக் கழுவினாலும், கிடத்தியிருந்த இடத்தில் ஒரு விளக்கைத் தொடர்ந்து ஏற்றி வையுங்கள்.

செத்த வீட்டிலிருந்து எவரும் ‘போய் வருகிறேன்’ என்று சொல்லிக்கொள்வதில்லை. உதவிக்கு வந்தவர்களுக்கு வாசலில் நின்று நன்றி சொல்ல வேண்டும் என்று நீங்களும் பதற வேண்டாம். யார் எப்போது போனார்கள் என்று உங்களுக்குத் தெரியாமலே இருக்கும்.

இரவல் கதிரைகளை எண்ணித் திருப்பிக் கொடுப்பதற்கு மட்டும் ஓர் ஆளை வையுங்கள். நாங்கள் சங்கத்திடம் 40 கதிரை வாங்கியிருந்தோம். மாலையில் எண்ணும்போது 41 இருந்தது. கூடுதலாக இருந்தது அந்தப் பிரம்புக் கதிரை. மறுநாள் அதைக் கீழே எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். ஆசிரியர் கதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “முப்பத்தொன்றாம் நாள் முடியட்டும் தம்பி, அதுவரை யாராவது வந்து உட்காருவார்கள்” என்று சொல்லி, என்னோடு அதை மறுபடியும் மேலே அனுப்பிவிட்டார்.